மலைநாட்டின் பழைய வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. ஆயினும் அங்கே மலையைத் தேடிச் செல்வோர் கடலோரத்துக் கேணியையும் சற்றே உயர்ந்த சுண்ணாம்புக்கல் மேட்டையுமே காண்பர். நம் குடாநாட்டுப் பிள்ளைகளுட் பலர், பத்துப் பன்னிரண்டு வயதாகும்வரை உண்மையான மலையொன்றைக் கண்ணாற் கண்டிரார். பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர் என்று மனனஞ் செய்வர். சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர் என்றும் தவறின்றி எழுதுவர். அம்மலைகள் அங்கே எவ்வாறு வந்தன என்று கேட்பவர் சிலரே. கேட்டாலும், "அவை மிகப் பழைய பாறைகள்" என்ற ஒரு வரியோடு ஆசிரியரின் விடை முடிந்துவிடுகிறது. பழையவை என்றால் எவ்வளவு பழையவை? பாறை பழையதா, மலை பழையதா? இவ்விரு கேள்விகளும் ஒன்றென்று பலரும் எண்ணுகின்றனர். அவை ஒன்றல்ல என்பதே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

நான் கலைப் பட்டதாரி. அரசர்களையும் ஆவணங்களையும் பற்றிய வரலாற்றைக் கற்பித்து வந்தவன். மலைகளின் வரலாற்றை நான் அணுகுவதும் அந்த வழியிலேயே. செப்பேடு ஒன்று கிடைத்தால், அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், பின்னர் எவரேனும் அதன்மேல் எழுதினரா என்று வரலாற்றாசிரியர் கேட்பார். பாறையையும் அவ்வாறே கேட்கலாம். பாறை பொய் சொல்வதில்லை. ஆனால் அது ஒரு முறை எழுதப்பட்ட ஏடன்று. அழித்து அழித்து மேலும் மேலும் எழுதப்பட்ட ஏடு அது.

முதலில் நம் காலடியிலுள்ளதைப் பார்ப்போம். கிணறு வெட்டுவோர் செம்மண்ணைக் கடந்ததும் எதிர்ப்படும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. ஆழங்குறைந்த வெப்பமான கடலிலே சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களும் விட்டுச்சென்ற சுண்ணாம்பு படிந்து இறுகியதால் உண்டானது. அதன் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. குடாநாட்டிலிருந்து மேற்கே மன்னார் வழியாகப் புத்தளப் பகுதி வரையும், கிழக்கே முல்லைத்தீவை நோக்கியும் இக்கல் பரந்து கிடக்கிறது. 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக இருந்ததும் இக்கல்லே. 2 கோடி ஆண்டு என்பது நம் கணக்கிலே பெருங்காலம். ஆயினும் இலங்கையின் நிலவரலாற்றிலே அது நேற்றைய செய்தி. இச்சுண்ணாம்புக்கல் ஒரு பாய் போன்றது. அதன் அடியிலே கிடக்கும் தளம் வேறு. புகையிரதத்தில் தெற்கே செல்பவர் வவுனியாவை அடையுமுன்னரே அந்தப் பாய் முடிந்து, வயல்வெளிகளின் நடுவே கரிய பாறைகள் தலைகாட்டுவதைக் காணலாம். நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் அந்தப் பாறையே இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்திற்கு அடித்தளம்.

இந்த அடித்தளப் பாறைகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னிற்பவர் நம்மவர் ஒருவர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றால் இந்தியச் சிற்பத்தையும் நடராசர் வடிவத்தையும் விளக்கியவராகவே தமிழுலகம் அறியும். யாழ்ப்பாணத்து மரபில் வந்த சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தரான அவர், 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, இலண்டனில் நிலநூலும் தாவர நூலும் கற்றவர். 1900ஆம் ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் நிலநூற் சங்கத்தின் ஏட்டிலே எழுதினார். 1902இல் காலிப் பகுதியின் பாறைகளைப் பற்றியும் பளிங்குச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றியும் எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக விளங்கினார். சுத்தியலும் பையுமாக மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்த அந்நாட்களிலேதான் கிராமத்துக் கைவினைஞர்களின் வாழ்வையும் அவர் நேரிற் கண்டார்; 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூலுக்கு அந்த அலைச்சலும் ஒரு விதை. கலைநூலோர் அவரைத் தமதாக்கிக்கொண்டனர். நிலநூலோரும் தமக்குரிய பங்கைக் கேட்க உரிமை உடையவர்களே.

பலாங்கொடைப் பகுதியில் அவர் கண்டெடுத்த கனமான கரிய சதுரமணிகள் புதிய கனிப்பொருளென 1904ஆம் ஆண்டில் அறியப்பட்டன. தோரியம் மிகுந்திருந்தமையால் அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டனர். கதிரியக்கம் என்ற புதுமை அப்போதுதான் உலகை ஆட்கொண்டிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல்ற்வூட் என்பவர், யுரேனியம் காலப்போக்கிலே சிதைந்து ஈயமாகின்றது என்பதைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கலாம் எனக் கண்டு, 1907ஆம் ஆண்டில் உலகின் பல பாகத்துக் கனிப்பொருள்களின் வயதுகளை வெளியிட்டார். அவற்றுள் மிக முதியதாக நின்றது இலங்கைத் தோரியனைற்று: 220 கோடி ஆண்டு! பூமியின் வயது சில கோடி ஆண்டுகளே என்று பெரிய இயற்பியலறிஞர்கள் வாதாடிய காலம் அது. அந்த எண் எத்துணைப் பரபரப்பை ஊட்டியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

ஆனால் அந்த எண் பிழையானது. யுரேனியத்தைப் போலவே தோரியமும் ஈயமாகச் சிதையும் என்பது அப்போது உறுதியாகவில்லை. தோரியம் மிகுந்த இலங்கைக் கல்லிலே தோரியம் தந்த ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலே போல்ற்வூட் எழுதிவிட்டார். கடைக்காரர் இருவர் வைத்த காசை ஒருவர் பேரில் வரவு வைத்தது போலாயிற்று. கணக்குத் திருத்தப்பட்டபின் வயது நான்கிலொரு பங்காகக் குறைந்தது. ஆதர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேய நிலநூலறிஞர் 1955ஆம் ஆண்டில் தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் பழம்பாறைகளின் வயதுகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுக்கு முன்னர் இப்பகுதி முழுவதும் ஒரு பெருங்கொந்தளிப்புக்கு உள்ளானது தெளிவாயிற்று.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. கனிமணிகள் 50 கோடி ஆண்டு என்கின்றன. ஆனால் அவை கிடக்கும் பாறைகளோ அவற்றினும் மிக முதியனவாகத் தோன்றுகின்றன. எதை நம்புவது?

விடை தந்தது சிர்க்கன் என்னும் சிறு கனிப்பொருள். மாத்தறை வைரம் என்று முன்னாளில் நகைக்கடைகளிலே விற்கப்பட்ட நிறமற்ற கல் இதுவே. சிர்க்கன் மணி உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தையோ பெரும்பாலும் ஏற்காது. ஆகவே பிற்காலத்தில் அம்மணிக்குள்ளே காணப்படும் ஈயம் அனைத்தும் யுரேனியம் சிதைந்து பிறந்த பிள்ளை என்றே கொள்ளலாம். யுரேனியத்தில் இரு வகை உண்டு. ஒன்று பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டும், மற்றது பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டும் செல்லும். எனவே ஒரே மணிக்குள் இரண்டு மணிக்கூடுகள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் அந்த நேரத்தை நம்பலாம். இன்னும் ஒரு சிறப்பு: மரத்தின் வளையம்போல, சிர்க்கனின் நடுப்பகுதி முற்காலத்திலும் வெளியோரம் பிற்காலத்திலும் வளரக்கூடும். மெல்லிய அயன்கற்றையால் அம்மணியின் நடுவையும் ஓரத்தையும் தனித்தனியே தொட்டு வயது கேட்கும் கருவி 1980களில் இலங்கைப் பாறைகளின்மீது திரும்பியது. 1987இல் வெளியான முடிவு வியப்பானது. மலைநாட்டின் பழைய மணற்படிவுகளில் இருந்த சிர்க்கன்களின் நடுப்பகுதிகள் 240 கோடி முதல் 317 கோடி ஆண்டு வரை பழைமை காட்டின. பிற்கால ஆய்வுகள் திரட்டிய ஓரங்களின் வயதோ 61 கோடிக்கும் 55 கோடிக்கும் இடைப்பட்டது. இலங்கைச் சிர்க்கன்களுட் சில மாசுமறுவற்று ஒரே சீராக இருப்பதால், ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதுடைய அம்மணிகளை உலகின் பல ஆய்வுகூடங்கள் தத்தம் கருவிகளைச் சரிபார்க்கும் படிக்கற்களாக இன்று பயன்படுத்துகின்றன. கடையிலே எடைக்கல்லைச் சரிபார்க்க முத்திரையிட்ட எடைக்கல் இருப்பதுபோல என்று கொள்க.

அதாவது பாறையின் மூலப்பொருள் ஒரு காலத்தது. அது மலையாக மாறியது வேறொரு காலத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே வரலாறு நேராயிற்று.

இனி அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லலாம். இலங்கையின் அடித்தளத்தை இன்று அறிஞர் மூன்று பெருந்தொகுதிகளாக வகுக்கின்றனர். தென்மேற்குக் கரையிலிருந்து மலைநாட்டின் ஊடாகத் திருகோணமலை வரை ஒரு பட்டையாகக் கிடப்பது உயர்நிலத் தொகுதி. அதற்கு வடமேற்கே வன்னித் தொகுதி. தென்கிழக்கே விஜயன் தொகுதி. கண்டியை அடுத்த கடுகண்ணாவைப் பாறைகளைத் தனித் தொகுதியாகக் கொள்வோரும் உளர், வன்னியோடு சேர்ப்போரும் உளர். வன்னிக்கும் உயர்நிலத்துக்கும் எல்லை எங்கே என்பதிலும் வழக்கு இன்னும் தீரவில்லை. நம் ஊர்க் காணி எல்லைகளே தீராதபோது இது தீராததில் வியப்பில்லை.

உயர்நிலத் தொகுதியின் பாறைகளுள் ஒரு பெரும்பகுதி, முன்னொருகால் கடலின் அடியிலே படிந்தவை. மணலாய்ப் படிந்தது குவாட்சைற்று ஆயிற்று. களிமண்ணாய்ப் படிந்தது செம்மணிகள் பதித்த கொண்டலைற்று ஆயிற்று. ஒரிசாவின் கொண்டு மக்களின் பெயரால் வந்த பெயர் அது. சுண்ணாம்பாய்ப் படிந்தது சலவைக்கல் ஆயிற்று. மாத்தளைப் பக்கத்திலும் கண்டியை அடுத்த திகனையிலும் அந்தச் சலவைக்கல்லை இன்றும் காணலாம். ஆகவே மலைநாட்டின் சலவைக்கல்லும் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் ஒரே இனம். இரண்டும் கடலிற் பிறந்தவை. ஒன்று பிறந்த இடத்திலேயே கிடந்தது. மற்றது பூமியின் ஆழத்துக்குப் போய் மீண்டு வந்தது.

எவ்வளவு ஆழம்? பாறைக்குள்ளே அருகருகே வளர்ந்துள்ள கனிப்பொருள்களின் சேர்க்கையைக்கொண்டு அவை எவ்வளவு வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருவாயின எனக் கணிக்கலாம். மலைநாட்டுப் பாறைகள் 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தையும், சிலவிடங்களில் 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தையும் கண்டவை. அமுக்கமோ 30 முதல் 40 கிலோமீற்றர் ஆழத்துக்குரியது. இதைக் கேட்கும் குடாநாட்டவர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடேற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பாகிவிடுமே. ஆழத்திலே அவ்வாறு ஆகாமற் சலவைக்கல்லாக எப்படி நின்றது? சூளையிலே கல்லிலிருந்து கரியமிலவாயு தடையின்றி வெளியேறிவிடுகிறது. அதனாற் கல் நீறாகின்றது. 30 கிலோமீற்றர் ஆழத்திலே மேலேயுள்ள பாறையின் அமுக்கம் அந்த வாயுவை வெளியேற விடுவதில்லை. போக வழியில்லாத வாயு கல்லுக்குள்ளேயே தங்கிவிட, கல் நீறாகாமல், தன் மணிகளை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு பளிங்காகின்றது. அதே வெப்பத்திலும் அமுக்கத்திலும்தான் இரத்தினபுரியின் நீலங்களுக்குரிய பொருளும் சமைந்தது. போகலையிலும் கஹட்டகஹாவிலும் அகழப்படும் காரீயம் பாறைப் பிளவுகளிலே நரம்புகளாக உறைந்ததும் அந்தப் பெருநிகழ்ச்சியின் பிற்பகுதியிலேயே.

இன்னொரு சிறு கணக்கு. இன்று கண்டியின் கீழே கண்ட ஓட்டின் தடிப்பு 35 முதல் 40 கிலோமீற்றர். இன்று மேற்பரப்பில் நாம் மிதிக்கும் பாறை ஒரு காலத்தில் 30 கிலோமீற்றருக்கும் கீழே கிடந்தது என்றால், அக்காலத்தில் அந்த ஓட்டின் முழுத் தடிப்பு 65 அல்லது 70 கிலோமீற்றர் இருந்திருத்தல் வேண்டும். உலகில் இன்று அத்துணைத் தடித்த ஓடு எங்கே உண்டு? இமயத்துக்கு வடக்கே திபெத்தின் கீழேயும் அந்தீசு மலைகளின் கீழேயும் உண்டு. ஆகவே மலைநாடு இருக்கும் இடத்திலே முன்னொருகால் இமயம் போன்றதொரு மலைத்தொடர் நின்றது என்று கொள்வதிலே மிகையில்லை.

அந்த மலைத்தொடர் எழுந்த விதத்தை இமயத்தைக் கொண்டே விளங்கலாம். இந்தியாவும் ஆசியாவும் 5 கோடி ஆண்டளவுக்கு முன்னர் மோதத் தொடங்கின. இடையிலிருந்த கடல் மூடுண்டது. அதன் அடித்தளப் படிவுகள் மடிந்து நொறுங்கி மேலெழுந்தன. இமயத்தின் உச்சியிலே கடற்சிப்பிகளின் எச்சம் கிடைப்பது அதனாலேயே. அதே நாடகம் 65 கோடிக்கும் 55 கோடிக்கும் இடையிலே வேறு நடிகர்களோடு நடந்தது. அக்காலத்திலே ஆபிரிக்கா ஒருபுறமும், இந்தியாவும் அந்தாட்டிக்காவும் மறுபுறமுமாகக் கிடக்க, நடுவே ஒரு சமுத்திரம் இருந்தது. மொசாம்பிக்குச் சமுத்திரம் என்று அறிஞர் அதை இன்று அழைக்கின்றனர். அது மெல்ல மூடுண்டபோது எழுந்த மலைத்தொடர் அராபியாவிலிருந்து கிழக்கு ஆபிரிக்கா, மடகாசுக்கர் வழியாகத் தென்னிந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா வரை நீண்டது. எடுவார்ட் சூசு என்ற ஆசுத்திரிய அறிஞர் 1885இல் கொண்டுவானா என்று பெயரிட்ட தென்பெருங்கண்டம் இவ்வாறே ஒட்டப்பட்டது. ஒட்டுவாய்களுள் ஒன்றின்மேல் இலங்கை இருக்கிறது. கேரளத்தின் தென்பகுதியிலும் மதுரையைச் சூழ்ந்த பகுதியிலும் அந்தாட்டிக்காவின் லூட்சோ-ஹோம் குடாக் கரையிலும் மலைநாட்டுப் பாறைகளின் உடன்பிறப்புகள் கிடக்கின்றன. சென்னைப் பரங்கிமலையின் கல்லும் மலைநாட்டின் பல கற்களும் ஒரே வகையின. கொல்கத்தாவில் யோபு சார்ணொக்கு என்பவரின் கல்லறைமீது வைத்திருந்த கல்லைக் கண்டு, அவர் பெயராலேயே சார்ணொக்கைற்று என்று 1893இல் ஹொலண்டு என்பவர் பெயரிட்ட வகை அது. தென்னகத்துக் கல்லொன்று வங்காளத்துக் கல்லறையிலே பெயர்பெற்று இலங்கை மலைக்கும் அப்பெயரைத் தந்தது.

மோதலுக்கு முன்னரும் ஒரு கதை உண்டு. வன்னித் தொகுதியிலும் விஜயன் தொகுதியிலும் ஏறத்தாழ 100 கோடி, 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைத் தீவுவரிசைகளின் அடியிலே உறைந்த பாறைகள் மிகுதியாக உள்ளன. இன்றைய இந்தோனேசியாவைப் போன்ற தீவுவரிசைகள் பழைய உயர்நிலத்தின் இருமருங்கும் இருந்தன என்றும், இருபுறத்துக் கடல்களும் மூடியபோது உயர்நிலம் நடுவே நசுக்குண்டது என்றும் இன்று பல அறிஞர் கருதுகின்றனர். உசங்கொடையிலும் இந்திகொலபெலெசையிலும் காணப்படும் பச்சைநிறப் பாம்புக்கல் அவ்வாறு மூடிய கடலடியின் எச்சமாகலாம் என்பது அவர்களின் சான்றுகளுள் ஒன்று. கன்னியாய் வெந்நீரூற்று உட்பட இலங்கையின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் உயர்நிலத்துக்கும் விஜயனுக்கும் இடைப்பட்ட எல்லையை அண்டியே இருப்பதும் கவனிக்கத்தக்கது. இலங்கையிலே எரிமலை இல்லை; மழைநீர் பழைய பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்கின்றது.

இந்த எல்லைகளைக் காலால் நடந்து கடப்பவர் யார் தெரியுமோ? நம் கதிர்காம யாத்திரிகர்களே. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை, குமண வழியாக வாரக்கணக்கில் நடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை பழைமையானது. தொடக்கத்திலே அவர்கள் மிதிப்பது 2 கோடி ஆண்டுச் சுண்ணாம்புக்கல். திருகோணமலையிலே உயர்நிலத் தொகுதி கடலைத் தொடும் முனையில் நிற்கின்றனர். அதன்பின் மட்டக்களப்பு முதல் யாலைக் காடு வரை விஜயன் தொகுதியின் பாறைகள். உகந்தையின் குன்றும் அவற்றுள் அடங்கும். கதிர்காமத்தை அடையும்போது ஒரு விந்தை. சுற்றிலும் விஜயன் பாறை பரந்து கிடக்க, நடுவே தனித்தீவுபோல உயர்நிலப் பாறைகளாலான குன்றுகள் எழுந்து நிற்கின்றன. கதிரமலை அவற்றுள் ஒன்று. மலைநாட்டின் கல் மலைநாட்டை விட்டு அத்துணைத் தொலைவிலே எவ்வாறு வந்தது? பெருமோதலின்போது உயர்நிலத் தொகுதி ஒரு தகடாக விஜயன் தொகுதியின்மேல் தள்ளுண்டு ஏறிற்று. பின்னர் அந்தத் தகட்டின் பெரும்பகுதி அரிப்புண்டு மறைய, கதிர்காமத்திலே ஒரு துண்டு மாத்திரம் எஞ்சிற்று. அயலில் எஞ்சிய துண்டு வேறும் உண்டெனினும், இதுவே பெயர்பெற்றது. ஒரு கண்டத்துண்டு மற்றொன்றின்மேல் ஏறியமைக்கு இதனினும் தெளிவான சாட்சி இலங்கையில் அரிது.

அந்த மலைத்தொடர் பின்னர் என்னாயிற்று? தேய்ந்தது. 30 கிலோமீற்றர் தடிப்புள்ள பாறை மழையாலும் ஆறுகளாலும் சிறிது சிறிதாக நீங்க, அடியிலிருந்தது மேலே வந்தது. இவ்விடத்திலேதான் மாணவர்க்கு மட்டுமன்றி ஆசிரியர்க்கும் மயக்கம் நேர்கின்றது. இன்றைய பிதுருதலாகல, அந்தப் பழைய இமயத்தின் தேய்ந்த எச்சம் அன்று. அந்தப் பழைய மலையின் வேர். மலை மறைந்து நெடுங்காலத்தின் பின்னர் அந்த வேர் மீண்டும் உயர்த்தப்பட்டது. கொண்டுவானாக் கண்டம் பிளவுண்டு, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுக்கு முன்னர் அந்தாட்டிக்கா இந்தியாவையும் இலங்கையையும் விட்டு விலகத் தொடங்கியது. அப்பிளவுக்கு முன்னோடியாக யுராசிக்குக் காலத்திலே தாழ்ந்த பள்ளங்களிற் படிந்த மண்ணும் தாவரச் சுவடுகளும் புத்தளம் மாவட்டத்துத் தப்போவையிலும் ஆண்டிகமையிலும் காணப்படுகின்றன. மலைநாடு மூன்று படிகளாக உயர்ந்திருப்பதை 1929ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் அடம்சு எடுத்துக்காட்டி, நிலம் விட்டுவிட்டு உயர, ஆறுகள் ஒவ்வொரு மட்டத்தையும் அரித்துச் சமமாக்கின என்றார். 1938 முதல் இங்கே அரசாங்கக் கனிப்பொருளியலாளராக இருந்த வாடியா, நிலம் பெரும்பாளங்களாகப் பிளந்து உயர்ந்ததாலேயே படிகள் உண்டாயின என்று மறுத்தார். உலக முடிவின் செங்குத்துச் சரிவை ஒருமுறை கண்டவருக்கு வாடியாவின் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தோன்றுவது தீர்ப்பாகாது. அவ்வழக்கு இன்னும் நடக்கின்றது.

இதனோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று. கொண்டுவானா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவரிற் சிலர் அதைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கின்றனர். 1864ஆம் ஆண்டில் சிலேற்றர் என்ற விலங்கியலறிஞர், மடகாசுக்கரிலும் இந்தியாவிலும் தேவாங்கு இனங்கள் காணப்படுவதற்கு விளக்கமாக இந்துசமுத்திரத்தில் ஒரு கண்டம் மூழ்கிற்று என்று ஊகித்து அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்பது நிறுவப்பட்டபின் அந்த ஊகம் தேவையற்றதாயிற்று. கொண்டுவானா பிளவுண்டது கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன்னர். மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு. ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக்க முடியாது. ஆனால் கடல்கோள் நினைவை முற்றாக வெறுங்கதை என்று தள்ளவும் வேண்டியதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன்னர், பனிக்காலத்திலே கடல்மட்டம் இன்றினும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. அப்போது பாக்குநீரிணை தரையாய்க் கிடந்தது. பின்னர் கடல் ஏறி அந்நிலத்தை விழுங்கியதைக் கண்ட மனிதர் இருந்தனர். தமிழின் பெருமைக்குத் தமிழே போதுமான சான்று. அதற்குப் பாறைகளைப் பொய்ச்சாட்சி சொல்ல அழைக்க வேண்டியதில்லை.

மலையின் பழைய வரலாறு ஏட்டுப் படிப்போடு முடிவதுமன்று. பெருமோதலில் மடிந்த பாறைகள் இன்றும் மடிந்த படியே சாய்ந்து கிடக்கின்றன. மலைச்சரிவின் சாய்வும் உள்ளிருக்கும் பாறைத் தகடுகளின் சாய்வும் ஒரே திசையில் அமைந்தால், பெருமழையிலே மேல்மண் அந்தத் தகட்டின்மேல் வழுக்கி இறங்குவது எளிது. சாய்வுகள் எதிரெதிராக அமைந்த சரிவு ஒப்பளவில் உறுதியானது. 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆந் திகதி காலை, கொசுலாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மண் சரிந்து தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையும் மண்சரிவு அபாயப் படங்களிலே சரிவின் அளவு, மண்ணின் தடிப்பு ஆகியவற்றோடு பாறையின் அமைப்பும் கணக்கிலே சேர்கின்றது. 55 கோடி ஆண்டுக்கு முன்னைய மடிப்பு எத்திசையிற் சாய்கின்றது என்பது, ஒரு லயன் வீட்டில் இரவு உறங்கும் குடும்பத்துக்கு இன்றைய செய்தி. தோட்டத்து மக்களுக்கு வீட்டுநிலம் பிரித்துக் கொடுக்கும்போது இந்தப் படங்களை முதலிலே விரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பார்த்தபின் பெட்டியிலே பூட்டி வைப்பதற்காக அவை வரையப்படவில்லை.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். இயற்கையாக விட்டால் மலைநாடு மிக மெதுவாகவே தேயும். விண்கதிர்கள் மணலிலே உண்டாக்கும் நுண்பொருளை அளந்து இலங்கையரும் சேருமனியரும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுதோறும் ஒரு சதுரக் கிலோமீற்றரில் இயற்கையாக உருவாகும் மண் 13 முதல் 30 தொன் வரையே எனக் கண்டது. காடழித்துப் பயிரிட்ட சரிவுகளிலிருந்து கழுவுண்டு போவதோ அதனிலும் பல மடங்கு. சில ஆற்றுப்படுகைகளிலே பத்து மடங்கையும் மிஞ்சும்.

அந்த மண்ணிலே ஒரு பங்கை மகாவலி சுமந்து திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே விடுகின்றது. குடாவின் வாயிலிலே தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு அதை வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு இட்டுச் செல்கின்றது. பாரமான கனிமணிகள் கரையோரத்திலே தங்கிவிடும்; புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைற்றோடும் உருத்தைலோடும் சிர்க்கனும் கலந்திருப்பது அதனாலேயே. 1957இல் நிறுவப்பட்ட கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் அம்மணலைப் பிரித்து ஏற்றுமதி செய்யும் வழியைத் தொடங்கிவைத்தது. மெல்லிய சேறோ நெடுந்தூரம் செல்லும். இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலடியில், கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து கொணர்ந்த சேறு உலகின் மிகப் பெரிய படிவாக விரிந்து கிடக்கின்றது. மறைந்துபோன பழைய மலையின் சேறும், இன்னும் எழுந்துகொண்டிருக்கும் புதிய மலையின் சேறும் அங்கே ஒன்றன்மேலொன்றாகப் படிந்து வருகின்றன.